நாளொரு பால், வேளைக்கொரு பால்

"பால் சுரக்கிறது, ஆனால் தண்ணீராக இருக்கிறது. பிள்ளைக்குப் போதுமா?" "முதல் மூன்று நாள் வருவது கழிவுப் பால், பீச்சி எறிந்து விடு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எறியலாமா?" "ரமளானில் நோன்பு வைத்தால் பால் கெட்டுப் போகுமா? வைக்காவிட்டால் குற்றமாகுமா?"

பிள்ளை பெற்ற வீடுகளில் எப்போதும் எழுகின்ற கேள்விகள் இவை. இவற்றுள் பாதி மருத்துவம், பாதி மார்க்கச் சட்டம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எவரோ சொன்னதைக் கேட்டு நடப்பதால், பச்சைக் குழந்தை தன் முதல் உரிமையை இழக்கிறது. தாய் தன் மீது நம்பிக்கை இழக்கிறாள். பத்தாம் நாளே வீட்டுக்குள் புட்டி வந்து விடுகிறது.

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. தாய்ப்பால் என்பது டின்னில் அடைத்த எண்ணெயைப் போல் முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை ஒரே பொருள் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். உண்மை அதுவன்று. முதல் நாள் பால் வேறு, பதினைந்தாம் நாள் பால் வேறு. காலைப் பால் வேறு, நள்ளிரவுப் பால் வேறு. ஏன், ஒரு வேளை ஊட்டும் போதே முதலில் வரும் பால் வேறு, முடிவில் வரும் பால் வேறு. இதைப் புரிந்து கொண்டால் மேற்கண்ட கேள்விகளில் பெரும்பாலானவை தாமே தீர்ந்து விடும்.

திருமறை வகுத்த முறை

பாலூட்டுவதைப் பற்றித் திருக்குர்ஆன் பல இடங்களில் பேசுகிறது. விரிவாகப் பேசுவது அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம். அதன் கருத்தை நான்காகப் பிரிக்கலாம். பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு அதன் காலம் இரண்டு முழு ஆண்டுகள். அக்காலத்தில் தாய்க்குரிய உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு. குழந்தையைக் காரணமாக்கித் தாய்க்கும் தொல்லை தரக்கூடாது, தந்தைக்கும் தொல்லை தரக்கூடாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாலை மறக்கடிக்க நாடினால், இருவரும் மனமொப்பி, கலந்தாலோசித்துச் செய்தால் குற்றமில்லை. லுக்மான் அத்தியாயம் 14-ஆம் வசனத்திலும், அல்அஹ்காஃப் அத்தியாயம் 15-ஆம் வசனத்திலும் இக்காலக் கணக்கு மீண்டும் வருகிறது.

ஒன்றை இங்கேயே சொல்லி விடுகிறோம். மறை வசனங்களை விஞ்ஞானப் பாடமாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. விஞ்ஞானம் இன்று ஒன்றைச் சொல்லி நாளை அதைத் திருத்திக் கொள்ளும். அது அதன் இயல்பு. மார்க்கம் தாயின் மீதும் தந்தையின் மீதும் ஏற்றி வைத்திருக்கும் கடமைகளைச் சரியாக நிறைவேற்ற இந்த அறிவு நமக்கு எப்படி உதவும் என்பதே இங்கு நாம் பார்க்கப் போவது.

முதல் பால்: எறியத்தக்கதா?

பிள்ளை பிறந்தவுடன் சுரப்பது சீம்பால். அரபு மொழியில் இதற்கு 'லிபஃ' என்று பெயர். சற்று மஞ்சள் நிறமாக, பிசுபிசுப்பாக, மிகக் கொஞ்சமாக வரும். முதல் நாளில் சில தேக்கரண்டி அளவு தான் இருக்கும். நிறம் வேறாக இருப்பதையும் அளவு குறைவாக இருப்பதையும் கண்டு, இது கெட்ட பால் என்று எறிந்து விட்டு, சர்க்கரைத் தண்ணீரும் தேனும், சில ஊர்களில் கழுதைப் பாலும் புகட்டுகிற வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு.

உண்மையில் இந்தச் சில துளிகளுக்கு ஈடு வேறெதுவும் இல்லை. பின்னால் வரும் பாலை விட இதில் புரதம் அதிகம்; கொழுப்பும் சர்க்கரையும் குறைவு. அந்தப் புரதத்தின் பெரும் பகுதி உடல் வளர்ப்பதற்காக வந்தது அன்று. நோயைத் தடுப்பதற்காக வந்தது. 'இம்யூனோகுளோபுலின் ஏ' என்ற எதிர்ப்புப் பொருளும் 'லாக்டோஃபெர்ரின்' என்ற புரதமும் குழந்தையின் குடற்சுவரில் கிருமிகள் பற்றிக் கொள்ளாதபடி காவல் நிற்கின்றன. உயிருள்ள வெள்ளை அணுக்களும் இதில் ஏராளமாக உள்ளன. மஞ்சள் நிறத்துக்குக் காரணம் 'கரோட்டின்' வகைச் சத்து. வைட்டமின் ஏ-யும் மிகுதி. இளம் குடலை இளக்கி, உள்ளே தங்கியிருக்கும் கறுத்த முதல் மலத்தை வெளியேற்றவும் சீம்பால் துணை செய்கிறது. அந்த மலம் தங்கினால் குழந்தையின் மஞ்சள் காமாலை கூடும். ஆகவே, கழிவு என்று நாம் எறிகிற பொருள் தான் கழிவை அகற்றுகிற பொருள்.

இனி ஃபிக்ஹு நூல்களைப் பார்ப்போம். ஹிஜ்ரீ 676-ல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஷாபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்று. குழந்தைக்குப் பாலூட்டும் செலவு யார் மீது, தாயை அதற்குக் கட்டாயப்படுத்தலாமா என்றெல்லாம் அந்நூல் விவாதிக்கிறது. வேறு பாலூட்டும் பெண் கிடைக்கும் போது தாயைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அதன் முடிவு. ஆனால் அதற்கு முன்பாகவே ஒரு விதிவிலக்கை வைத்து விடுகிறது: 'லிபஃ' என்னும் முதல் பாலைத் தன் பிள்ளைக்கு ஊட்டுவது தாயின் மீது கட்டாயக் கடமை. அதில்லாமல் பிள்ளை பிழைப்பது அரிது என்பதே விளக்கவுரையாளர்கள் கூறும் காரணம்.

நுண்ணோக்கிக் கண்ணாடி இல்லாத காலத்தில், அனுபவத்தைக் கொண்டு அந்த மேதைகள் எட்டிய முடிவு இது. மற்ற நாட்களின் பாலில் தாய்க்கு விலக்கு உண்டு. முதல் பாலில் இல்லை! நாமோ இதைத் தலைகீழாக்கி, முதல் பாலை எறிந்து விட்டு மற்றதை ஊட்டுகிறோம்.

அல்கஸஸ் அத்தியாயம் 7-ஆம் வசனத்தையும் இங்கே நினைவு கூரலாம். ஃபிர்அவ்னின் ஆட்கள் ஆண் குழந்தைகளைத் தேடிக் கொன்ற நேரத்தில், மூஸா (அலை) அவர்களின் தாயாருக்கு அல்லாஹ் அறிவித்த முதல் கட்டளை, பாலூட்டு என்பது தான். ஆற்றில் விடும் கட்டளை அதற்குப் பின்னர் தான் வருகிறது.

பேரீச்சம் பழத்தை மென்று பிறந்த குழந்தையின் அண்ணத்தில் தடவும் 'தஹ்னீக்' சுன்னத்தாயிற்றே எனச் சிலர் கேட்கலாம். சுன்னத்து தான். நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) முதலான குழந்தைகளுக்கு அவ்வாறு செய்தது ஹதீஸில் வந்துள்ளது. ஆனால் அது ஒரு தொடுதல், வயிறு நிரப்புவதன்று, பாலுக்கு மாற்றும் அன்று. சுத்தமான பழத்தின் சாற்றை ஓர் அணு அளவு தடவினால் போதும். பேரீச்சைக்குப் பதிலாகத் தேன் வைப்பவர்கள் அதை விட்டு விட வேண்டும். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி வித்து அவ்வயதில் 'பொட்டுலிசம்' என்ற ஆபத்தான நோயைத் தரக்கூடும் என மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

பின்னர் வரும் பால்

பெரும்பாலான தாய்மாருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மார்பு கனத்து, பால் பெருகத் தொடங்கும். மஞ்சள் நிறம் வெளுக்கும். சுமார் இரண்டு வாரம் வரை இருப்பது இடைநிலைப் பால். நான்கு முதல் ஆறு வாரங்களில் பால் முழுப் பக்குவம் அடைகிறது. எதிர்ப்புப் பொருட்களின் செறிவு குறைந்து, சர்க்கரையும் கொழுப்பும் கூடுகின்றன. செறிவு குறைந்தாலும் அளவு பெருகி விடுவதால், குழந்தைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நின்று போவதில்லை.

பக்குவமடைந்த பாலில் 100-க்கு 87 அல்லது 88 பங்கு தண்ணீர். நூறு மில்லியில் பால் சர்க்கரை சுமார் 7 கிராம், கொழுப்பு சராசரியாக 4 கிராம் அளவு, புரதம் ஏறத்தாழ 1 கிராம். பசும்பாலில் புரதம் இதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். அப்படியானால் பசும்பால் தானே உயர்ந்தது என்று அவசரப்பட்டு முடிவு கட்டி விடக் கூடாது. கன்று சுமார் ஒன்றரை மாதத்தில் பிறந்த எடையைப் போல் இரு மடங்காகி விடும். மனிதக் குழந்தைக்கு அதற்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். கன்றுக்குத் தேவை விரைவான உடல் வளர்ச்சி. மனிதக் குழந்தைக்குத் தேவை மூளை வளர்ச்சி. அவரவர்க்கு அளந்த படி அவரவர்க்கு.

தண்ணீர் இத்தனை பங்கு இருப்பதால் தான், முதல் ஆறு மாதம் கோடை வெயிலிலும் குழந்தைக்குத் தனியே தண்ணீர் புகட்ட வேண்டியதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. "பால் தண்ணீராக இருக்கிறதே" என்று கவலைப்படும் தாய்மார்கள், அது குறையன்று, தாகத்துக்கான ஏற்பாடு என்று அறிந்து கொள்ளட்டும்.

குறைமாதத்தில் பிள்ளை பெற்றவளின் பால், முதல் சில வாரங்களுக்கு, நிறைமாதத் தாயின் பாலை விடப் புரதமும் உப்புச் சத்தும் எதிர்ப்புப் பொருளும் மிகுந்ததாக இருக்கிறது. குறைமாதப் பிள்ளைக்கு அவையே கூடுதலாகத் தேவை. எனவே மருத்துவமனையில் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாலும், மருத்துவரின் யோசனைப்படி தாய் தன் பாலைப் பீச்சிக் கொடுப்பதில் அலட்சியம் காட்டக் கூடாது.

ஒரே வேளையில் இரண்டு குணம்

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். குழந்தை பால் குடிக்கத் தொடங்கும் போது வருவது மெல்லிய, சற்று நீல நிறம் கலந்த பால். குடிக்கக் குடிக்க அது கெட்டிப்பட்டு, ஆடை மிகுந்த பாலாக மாறும். முடிவில் வரும் பாலில் கொழுப்பு, தொடக்கத்தில் இருந்ததைப் போல் இரண்டு மூன்று மடங்கு கூட இருக்கும். சர்க்கரையும் புரதமும் அதிகம் மாறுவதில்லை. மாறுவது கொழுப்புத் தான்.

ஏன் இப்படி? மார்பில் பால் சேரும் போது, கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்றும், பால் சுரக்கும் நுண்ணிய பைகளின் சுவரோடும் ஒட்டிக் கொண்டு பின்தங்கி விடுகின்றன. நீர்த்த பால் முன்னால் வந்து நிற்கிறது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சப் பைகள் சுருங்கி, ஒட்டியிருந்த கொழுப்பு இளகி வெளிவருகிறது. இங்கே இரண்டு தனித்தனிப் பால்களும் இல்லை. நடுவில் கோடு போட்டாற்போல் ஓர் எல்லையும் இல்லை. மெதுவாக ஏறுகிற ஏற்றம் அது. இரண்டு வேளைகளுக்கு இடையே நீண்ட நேரம் சென்று மார்பு நிரம்பி இருந்தால் தொடக்கப் பால் மேலும் நீர்த்திருக்கும். சற்று முன்னர் தான் ஊட்டியிருந்தால் தொடக்கமே கெட்டியாக இருக்கும்.

இதை அறியாததால் வரும் தொல்லை என்ன? சிலர் கடிகாரத்தைப் பார்த்து, இந்தப் பக்கம் ஐந்து நிமிடம், அந்தப் பக்கம் ஐந்து நிமிடம் என்று மாற்றுகிறார்கள். பால் ஏராளமாகச் சுரக்கும் தாயாக இருந்தால், பிள்ளை இரண்டு பக்கமும் நீர்த்த பாலையே நிரம்பக் குடித்து விடும். கொழுப்புக் குறைவாதலால் வயிறு விரைவில் காலியாகும். சர்க்கரை மிகுதியாகக் குடலில் சேர்ந்து வாயுவும், பச்சை நிற மலமும், ஓயாத அழுகையும் உண்டாகலாம். 1988-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் வூல்ரிட்ஜ், க்ளோயி ஃபிஷர் இருவரும் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் இதை எடுத்துக் காட்டினர். "என் பால் பிள்ளைக்குச் சேரவில்லை" என்று தாய் புட்டியைத் தேடுவது இந்த நிலையில் தான். பால் மீது குற்றமில்லை. நேரம் பிரித்து ஊட்டிய முறையில் தான் குற்றம். பரிகாரம் எளிது: பிள்ளை ஒரு பக்கத்தைத் தானாக விடும் வரை குடிக்கட்டும், பின்னர் மறு பக்கம் கொடுத்துப் பார்க்கலாம், வேண்டாமென்றால் விட்டு விடலாம்.

இதைக் கேட்டு, ஒவ்வொரு வேளையும் கெட்டிப் பால் இறங்கிற்றா என்று தாய்மார்கள் அஞ்சவும் தேவையில்லை. 2006-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் 71 தாய்மாரையும் குழந்தைகளையும் ஒரு முழு நாள் கணக்கெடுத்து ஆராய்ந்தனர். ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 11 முறை குடித்தன. குடித்த பாலின் சராசரி 788 கிராம். ஆனால் ஒரு குழந்தைக்கு 478 கிராம். மற்றொன்றுக்கு 1,356 கிராம்! எல்லாமே நன்றாக வளரும் பிள்ளைகள் தான். மார்பில் இருந்த பாலில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கையே அவை குடித்தன. அடிக்கடி கொஞ்சமாகக் குடித்த குழந்தைக்கும், எப்போதாவது நிறையக் குடித்த குழந்தைக்கும் நாள் முடிவில் கிடைத்த கொழுப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிள்ளைக்கு அதன் கணக்குத் தெரியும். எனவே அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் கலங்குவது வீண்.

இவ்விடத்தில் ஃபிக்ஹின் ஒரு நுட்பத்தையும் சொல்லத் தோன்றுகிறது. பால்குடி உறவு ஏற்பட ஷாபிஈ மத்ஹபில் ஐந்து தனித்தனித் தடவைகள் வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் ஒரு முறை குடித்தாலே போதும். அந்த ஐந்தில் ஒரு தடவை என்பதை எப்படி எண்ணுவது? ஷாபிஈ இமாம்கள் நிமிடக் கணக்கு வைக்கவில்லை. குழந்தை போதுமென்று முகம் திருப்பிக் கொண்டால் ஒரு தடவை முடிந்தது. விளையாட்டாக விட்டு உடனே மீண்டும் பற்றினாலும், ஒரு மார்பிலிருந்து மறு மார்புக்கு மாறினாலும் அது அதே தடவை தான். சட்டம் பேசுவது உறவு முறையைப் பற்றி. ஊட்டும் முறையைப் பற்றியன்று. ஆயினும் ஒரு வேளையின் முடிவைக் குழந்தையின் விருப்பத்தைக் கொண்டு அளந்த அந்தப் பார்வை, இன்றைய தாய்மாருக்கும் நல்ல அளவுகோலாகும்.

அழுகுரலும் பாலும்

பிள்ளையின் அழுகுரல் கேட்டதும் தாயின் மார்பில் பால் ததும்புவதைப் பலரும் அறிவர். 'ஆக்ஸிடோஸின்' என்ற சுரப்பு மூளையிலிருந்து இறங்கி, பால் பைகளைச் சுற்றிய நுண் தசைகளை அமுக்குவதே காரணம். அச்சமும் வலியும் மனக்கசப்பும் இந்தச் சுரப்பைத் தற்காலிகமாகத் தடுக்கும். "உனக்குப் பாலே இல்லை" என்று வீட்டிலுள்ளோர் திரும்பத் திரும்பச் சொன்னால், உள்ள பாலும் இறங்கத் தயங்கும். இறைக்க இறைக்கத் தான் கிணறு ஊறும், பாலும் அப்படியே. மாமியார்மாரும் நாத்தனார்மாரும் கணவன்மாரும் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழ நினைத்து நிற்கும் போது குழந்தையின் அழுகுரலைக் கேட்டால், அதன் தாய் படும் வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள் என்பது புகாரீயில் வரும் ஹதீஸின் கருத்து. ஒரு தாயின் தவிப்புக்காக ஜமாஅத் தொழுகையே சுருங்கியது என்றால், நம் வீட்டு வேலைகள் சற்றுக் காத்திருக்கக் கூடாதா?

பெண்கள் கேட்கத் தயங்கும் சட்டம் ஒன்றையும் சொல்கிறோம். தாய்ப்பால் சுத்தமானது. அது கசிந்தால் ஒளு முறியாது. உடையில் பட்டால் அந்த உடையோடு தொழலாம்.

இரவும் பகலும்

பால் நேரத்துக்குத் தக்கவும் மாறுகிறது. தூக்கத்தைத் தூண்டும் 'மெலடோனின்' இரவுப் பாலில் மிகுந்தும், பகற் பாலில் ஏறத்தாழ இல்லாமலும் இருக்கிறது. விழிப்புக்குத் துணையான 'கார்ட்டிசோல்' விடியற்காலைப் பாலில் உயர்ந்திருக்கிறது. பிறந்த குழந்தைக்கு இரவு பகல் என்ற கணக்குத் தன்னுள்ளே இன்னும் அமைந்திருக்காது. தாய் தன் பாலின் வழியே அந்தக் கணக்கின் அடையாளத்தை அதற்குக் கொடுக்கிறாள். ஆகவே, இரவில் எழுந்து ஊட்டுவதைச் சலிப்பாக எண்ண வேண்டாம். மேற்சொன்ன ஆராய்ச்சியிலும் மூன்றில் இரு பங்கு அளவுக் குழந்தைகள் இரவில் ஒன்று முதல் மூன்று முறை குடித்தன.

தாய் உண்பதும் பாலில் சேருமா?

எல்லாமும் சேர்வதில்லை. பாலின் சர்க்கரையும் புரதமும் தாயின் சாப்பாட்டால் அதிகம் மாறுவதில்லை. ஏழைத் தாயின் பாலும் பணக்காரத் தாயின் பாலும் இதில் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கொழுப்பின் வகையும், வைட்டமின் ஏ, பி1, பி12, அயோடின் ஆகியவற்றின் அளவும் தாயின் உணவைப் பொறுத்தவை. கீரை, பழம், முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றை விலக்கி, 'பத்தியம்' என்ற பெயரால் பிள்ளை பெற்றவளை வெறுஞ்சோற்றில் வைப்பது அவளுக்கும் நல்லதன்று, பிள்ளைக்கும் நல்லதன்று.

நம் வீடுகளில் பால் சுரக்கப் பூண்டு கொடுப்பார்கள். 1991-ல் அமெரிக்காவில் ஜூலி மென்னெல்லா, கேரி பியூசாம்ப் என்ற இருவர், பாலூட்டும் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துச் சோதித்தனர். இரண்டு மணி நேரத்தில் பாலில் பூண்டு மணம் உச்சத்தை அடைந்தது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை. வழக்கத்தை விட அதிக நேரம் மார்பில் இருந்தன! தாயின் சமையல் மணத்தைப் பிள்ளை பாலிலேயே பழகிக் கொள்கிறது.

மார்பில் கட்டியும் வீக்கமும் காய்ச்சலும் வந்தால் அப்பக்கத்துப் பால் சற்று உப்புக் கரிக்கும். பிள்ளை சில சமயம் மறுக்கும். அது நஞ்சாகி விடவில்லை. ஊட்டலை நிறுத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நோன்பும் பாலூட்டலும்

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் அல்லாஹ் சலுகை தந்திருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை அனஸ் பின் மாலிக் அல்கஅபீ (ரலி) வழியாகத் திர்மிதீ முதலிய நூல்களில் காண்கிறோம். இச்சலுகையைப் பயன்படுத்த வெட்கப்பட்டு, தலை சுற்றி விழுந்தும் நோன்பை விடாத சகோதரிகள் இருக்கிறார்கள். காரணமே இல்லாமல், பால் கெட்டு விடும் என்ற வெறும் வதந்தியால் விடுவோரும் இருக்கிறார்கள். இருவருக்கும் ஆராய்ச்சிகள் சொல்வது என்ன?

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டின் கெனேபா கிராமத்தில், ரமளானில் நோன்பு நோற்ற பாலூட்டும் தாய்மாரைப் பற்றிய ஆராய்ச்சி 1984-ல் வெளியாயிற்று. பதினான்கு மணி நேரத்துக்கும் மேல் தண்ணீரில்லாத நோன்பிலும் பாலின் அளவு குறையவில்லை. ஆனால் தாயின் உடல் கணிசமாக நீர் இழந்தது. பாலின் சர்க்கரை, உப்புச் சத்துக்களின் விகிதம் மாறிற்று. 2001-ல் ஐக்கிய அரபு நாட்டில் செய்த ஆராய்ச்சியில் பாலின் முக்கியச் சத்துக்களில் பெரிய மாற்றம் காணப்படவில்லை. 2006-ல் வெளியான துருக்கி நாட்டு ஆராய்ச்சியில் கொழுப்பு, புரதம், சர்க்கரை மாறவில்லை. துத்தநாகம், மெக்னீசியம், பொட்டாசியம் குறைந்தன.

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால் விளங்குவது இது தான்: தாயின் உடல் தன்னை வருத்திக் கொண்டாவது பிள்ளையின் பாலைக் காக்கிறது. நோன்பினால் பால் 'கெட்டு' விடுவதில்லை. ஆனால் விலையைத் தாய் கொடுக்கிறாள். ஆறு மாதம் நிரம்பாமல் பாலை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளையின் தாய், நலிந்த தாய், கோடையில் நீண்ட பகல் நோற்கும் தாய் ஆகியோர் தம் நிலையை நேர்மையாக எடை போட வேண்டும். தலை சுற்றல், சிறுநீர் கறுத்துக் குறைதல், பிள்ளை வழக்கம் போல் சிறுநீர் கழிக்காமை ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள்.

சட்டம் இது: தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வருமென்று தக்க காரணத்தோடு அஞ்சினால் நோன்பை விடலாம், கடும் தீங்கு வருமென்றால் விடுவதே கடமை. பின்னர் களாச் செய்ய வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் களா மட்டும் போதும். ஷாபிஈ மத்ஹபில், தனக்காக அஞ்சி விட்டிருந்தால் களா மட்டும். பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் களாவோடு நாளொன்றுக்கு ஒரு 'முத்து' தானியம் ஃபித்யாவும் உண்டு. பாலூட்டல் என்ற தடை நீடிப்பதால் களா அடுத்த ரமளானைத் தாண்டினால் அது குற்றமாகாது. சலுகையும் அல்லாஹ்வின் சட்டமே. அதை ஏற்பதில் வெட்கமில்லை. பிறர் அதைக் குறை பேசுவது தான் வெட்கம்.

இரண்டாம் ஆண்டும் மறக்கடித்தலும்

ஓராண்டுக்குப் பின் பாலில் சத்தில்லை என்பது மற்றொரு தவறான எண்ணம். ஆறு மாதத்திலிருந்து வேறு உணவு தொடங்க வேண்டும், உண்மை. ஆயினும் ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை குழந்தையின் சக்தித் தேவையில் பாதியோ அதற்கு மேலுமோ, இரண்டாம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கும் தாய்ப்பாலே தர முடியும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. 2005-ல் வெளியான இஸ்ரவேல் நாட்டு ஆராய்ச்சியில், ஓராண்டுக்கு மேல் ஊட்டிய தாய்மாரின் பாலில் கொழுப்பு கூடுதலாகவே இருந்தது.

பிள்ளை குடிப்பதைக் குறைக்கக் குறைக்கப் பால் தானும் மாறுகிறது. சர்க்கரை குறைந்து, உப்புச் சத்தும் புரதமும் ஏறி, ருசி மெல்ல மாறி விடுகிறது. எதிர்ப்புப் பொருட்களின் செறிவும் கூடுகிறது. அதாவது, பிரிவுக்கான ஆயத்தத்தைப் படைத்தவனே பாலுக்குள் வைத்திருக்கிறான். ஒரே நாளில் வேப்பிலையை அரைத்துத் தடவிப் பிள்ளையை அலற விடுவதை விட, வேளை வேளையாகக் குறைப்பதே இந்த ஏற்பாட்டுக்கு இசைந்தது. திருமறை சொல்லும் மன ஒப்புதலும் கலந்தாலோசனையும் அவகாசம் எடுத்துச் செய்ய வேண்டியவை.

உடல் நலக் குறைவாலோ மருத்துவக் காரணத்தாலோ ஊட்ட இயலாத தாயை எவரும் பழிக்க வேண்டாம். வேறு பெண்ணைக் கொண்டு ஊட்டவும் அதே 233-ஆம் வசனம் அனுமதி தருகிறது. அப்படி ஊட்டினால் பால்குடி உறவைக் குறித்து வைக்க மறக்கக் கூடாது. நாளை திருமணப் பேச்சில் அது தேவைப்படும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. முதல் பாலை எறியாதீர்கள். ஷாபிஈ மத்ஹபில் அதை ஊட்டுவது தாயின் கட்டாயக் கடமை.
2. ஆறு மாதம் வரை தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம்.
3. கடிகாரத்தைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். ஒரு பக்கத்தைத் தானாக விடும் வரை குடிக்கட்டும்.
4. பால் நீர்த்திருப்பது குறையன்று. எடை ஏறி, சிறுநீர் தாராளமாகக் கழித்தால் பிள்ளைக்குப் போதுமானது கிடைக்கிறது.
5. நோன்பில் உடல் நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தேவையானால் சலுகையை ஏற்றுக் கொள்ளுங்கள்.
6. தந்தைமார்களே, தாயின் உணவும் உடையும் மன நிம்மதியும் உங்கள் பொறுப்பு. அவளுக்கு நீங்கள் கொடுக்கும் சோறும் பழமும் இன்சொல்லும் தான் உங்கள் பிள்ளைக்குப் பாலாகப் போய்ச் சேருகின்றன.

பேசத் தெரியாத பிள்ளைக்கு வேண்டியதை வேண்டிய வேளையில் வேண்டிய அளவில் அனுப்பி வைக்கும் அந்த ரஹ்மான், நம் தாய்மாருக்கு ஆரோக்கியத்தையும் பொறுமையையும், தந்தைமாருக்குக் கடமை உணர்வையும், நம் குழந்தைகளுக்கு நிறைந்த வளர்ச்சியையும் தந்தருள்வானாக! ஆமீன்.